டிரில் அக்கா

புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று, பார்க்க வந்த எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசினார்கள். நிறம் அழகு என்றார்கள். எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு விலையைக் கேட்டார்கள். எங்கள் தளத்தில் மூன்று கதவு தள்ளிக் குடியிருந்த அக்கா மட்டும் எதையும் பாராட்டவில்லை. பின்கதவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து, குனிந்து, தரையிலிருந்து ஏறும் இடத்தின் விளிம்பு வரைக்கும் முழங்கையை வைத்துப் பூ அளப்பதுபோல் அளந்தார். ஒரு முழமும் நாலு விரலும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பெல்ட்டு போடலைன்னா சத்தம் வருமா தம்பி?"

வரும் என்றேன்.

"எவ்ளோ நேரம் வரும்?"

கார் கைக்கு வந்து அரை நாள்கூட ஆகவில்லை. அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? போடுகிற வரைக்கும் வரும் என்று சொல்லி வைத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு லிஃப்ட் பக்கம் போய்விட்டார். என் மனைவி சுமதிக்கு ரொம்பக் கோபம். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்தா போய்விடும் என்று சாப்பிடும்போதும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாங்கள் அப்போது சிங்கப்பூரில் புக்கிட் மேராவில் இருந்தோம். பழைய குடியிருப்பு புளோக், நீளமான தாழ்வாரம், எதிரே அடுக்குமாடிக் கார் பார்க். இப்போது செங்காங்குக்கு வந்து பல வருடம் ஆகிறது. அந்தக் காரும், இங்கே அரசாங்கம் கொடுக்கும் பத்து வருட உரிமை முடிந்து, ஒப்படைத்த கையோடு போய்விட்டது. அதை நினைத்தால் எனக்கு அதன் எஞ்சினோ இருக்கையோ ஞாபகத்துக்கு வருவதில்லை. அக்காதான் வருகிறார்.

டிரில் அக்கா என்பது எங்கள் புளோக்கில் அவருக்கு வைத்த பெயர். அவருக்கும் அது தெரியும். தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தில் கோப்பி, தேநீர் போட்டுக்கொடுத்து, கோப்பைகளைக் கழுவி வைக்கிற வேலை அவருக்கு. அந்த அலுவலகத்தில் 'ஃபயர் டிரில்' என்று தீயணைப்பு ஒத்திகை நடத்துவார்கள். மணி அடித்ததும் மற்றவர்கள் எல்லாம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு, சலித்துக்கொண்டே படி இறங்குவார்களாம். அக்கா மட்டும் நிஜமாகவே தீப்பிடித்ததுபோல, கழிவறைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். அதைக் கவனித்த மேலாளர் ஆரஞ்சு நிற மேலங்கி ஒன்றைக் கொடுத்து, அந்தத் தளத்துக்கு அவரையே பொறுப்பாளர் ஆக்கிவிட்டார். அந்த மேலங்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்துக் காயப்போடுவார். அதைப் பார்த்துத்தான் பெயர் வந்தது.

பெயர் வருவதற்கு முன்பே அவர் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டும் என்றால் முந்தின நாளே பஸ் பிடித்து மண்டபம் வரைக்கும் போய், வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். எந்தப் பக்கம் கழிவறை, எந்தப் பக்கம் கூட்டம் குறைவு, ஒலிபெருக்கி எந்த மூலையில் என்றெல்லாம் பார்த்து வைத்துக்கொள்வார். எல்லாம் தன் மகனுக்காக.

மகன் பெயர் அருள். அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், என்னைவிட உயரம். ஆட்டிசம். 'அம்மா', 'போலாம்', 'வேணாம்' என்று சில சொற்கள்தான் பேசுவான். அவை போதாதபோது உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொள்வான். நடந்து போகிற தூரத்தில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையம் இருந்தது. காலையில் அங்கே விட்டுவிட்டு அக்கா வேலைக்குப் போவார், மாலையில் போய்க் கூட்டிக்கொண்டு வருவார். அவனுக்குத் தெரியாதது எதுவும் அவன் முன்னால் திடீரென்று வந்து நிற்கக் கூடாது. அக்காவின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வேலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

முடி வெட்டக் கூட்டிப்போக வேண்டும் என்றால் ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிடுவார். மாலையில் அவன் கழுத்தில் துண்டைக் கட்டி, காதுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலை வெறுமனே வெட்டிக் காட்டுவார். முடியைத் தொடமாட்டார். தேக்கா பக்கம் முடிதிருத்துகிறவர் கடையில் அருள் நாற்காலியில் உட்கார்ந்து அசையாமல் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். தடுப்பூசிக்கு முன்னால் ஈரப்பஞ்சால் கையைத் துடைத்து, பேனா முனையை உள்ளே இழுத்துவிட்டு அதன் மழுங்கல் பக்கத்தால் லேசாகக் குத்துவாராம். சாப்பிடுவதற்கும் ஒத்திகை உண்டா அக்கா என்று ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன். அவருக்குக் கிண்டல் சுலபத்தில் புரியாது. சாப்பாட்டுக்கு இல்லை, ஆனால் பல் டாக்டரிடம் போவதற்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் வைத்து வாயைத் திறந்து வைத்திருக்கப் பழக்கினேன் என்று பொறுமையாகப் பதில் சொன்னார்.

புதுக் காருக்குப் பூஜை போட சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போவதாக இருந்தோம். முந்தின நாள் தாழ்வாரத்தில் அக்கா என்னைப் பிடித்தார்.

"கீழ ஒரு எலுமிச்சம்பழத்த வெச்சு இன்னிக்கே ஒருக்கா ஏத்திப் பாருங்க லா. அங்க நெறைய பேரு நிப்பாங்க."

எலுமிச்சம்பழத்தின் மேல் காரை ஏற்றுவதற்கு ஒத்திகையா என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். மறுநாள் அர்ச்சகர் கற்பூரம் காட்டி, பொட்டு வைத்து, நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் பழம் வைத்துவிட்டு, எடுங்கள் என்றார். அந்தக் காரில் கியர் போடுவதற்குக் கம்பி கிடையாது. ரேடியோ திருகுவதுபோல் ஒரு வட்டக் குமிழ்தான். நான் அதை எந்தப் பக்கம் திருகினேனோ, கார் பின்னால் போனது. உடனே உள்ளே இருந்த அத்தனை மணிகளும் ஒன்றாக அலறி, தானே பிரேக் போட்டுக்கொண்டு நின்றது. பின்னால் நின்ற ஒரு குடும்பம் விலகி ஓடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பழங்கள் நசுங்காமல் முன்னால் அப்படியே இருந்தன. என் மாமியார் காருக்குள்ளேயே கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டுக்கு வந்ததும் சுமதி இதை அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சிரிக்கவே இல்லையாம். மணி எப்படி அடித்தது, எவ்வளவு பலமாக அடித்தது என்று மட்டும் கேட்டாராம்.

முதல் சில வாரங்கள் அந்தக் காரைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயங்களைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். உயரமாக உட்கார்ந்திருக்கிறோம் என்ற கர்வம்தான் முதலில். அதுவரை டாக்சியின் பின்சீட்டிலும் பஸ்ஸின் கம்பியிலும் கழிந்த குடும்பம் எங்களுடையது. மற்ற கார்களின் கூரையைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அடுத்தது பயம். எங்கள் கார் பார்க்கின் தூண்கள் எல்லாம் ஒரே நாளில் பருத்துவிட்டதுபோல் இருந்தன. கூரையில் நீளமாகக் கண்ணாடி வைத்த வகையாகப் பார்த்து வாங்கியிருந்தோம். சிங்கப்பூர் வெயிலில் அதை எப்போது திறப்பது? திரையை மூடியே வைத்திருந்தோம். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. பிள்ளைகள் உள்ளே எதுவும் சாப்பிடக் கூடாது, செருப்பைத் தட்டிவிட்டுத்தான் ஏறவேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை. உங்கள் காடியில் அருள் கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று கேட்டார். கார் என்று சொல்லமாட்டார், காடி என்றுதான் சொல்வார். எங்கே போகவேண்டும் என்று கேட்டேன். எங்கேயும் போகவேண்டாம், நிற்கிற காடியில் உட்கார்ந்தால் போதும் என்றார். அருள் பஸ்ஸில் வருவான், எம்ஆர்டி ரயிலில் வருவான், கார் கதவைக் கண்டால் மட்டும் வரமாட்டான் என்பது எங்களுக்குத் தெரியும். பாவம், பையனை எங்காவது கடற்கரைக்குக் கூட்டிப்போக ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன். மனதுக்குள் என் சீட்டைப் பற்றித்தான் கவலை.

முதல் நாள் அவன் காருக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இரண்டு கார் தள்ளி நின்று நெற்றியில் அடித்துக்கொண்டான். அக்கா அவனை இழுக்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, அவன் நின்ற இடத்துக்கே போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் இருவரும் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "சரி, போலாம்" என்று அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் அதேதான். நான் சாவியோடு தூணில் சாய்ந்து நின்றேன். இது ஆகிற காரியமா என்று சுமதியிடம் சொன்னேன்.

ஆனது. ஒரு மாலையில் அவன் கதவைத் தொட்டான். இன்னொரு மாலையில் அக்கா தன் வீட்டுத் தலையணை உறை ஒன்றைக் கொண்டுவந்து சீட்டில் விரித்தார். புதுக் காரின் வாசனை எனக்கு எவ்வளவு பிடித்ததோ அவ்வளவு அவனுக்குப் பிடிக்காது என்று அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உறையில் முகத்தை வைத்து மோந்து பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். பெல்ட் மணி அடித்தபோது மட்டும் காரியம் கெட்டது. கதறிக்கொண்டு இறங்கும்போது பிளாஸ்டிக் உறை அவன் விரலில் மாட்டி நீளமாகக் கிழிந்தது. எனக்கு முகம் சுருங்கியிருக்க வேண்டும். அக்கா அதைப் பார்த்தும் மன்னிப்புக் கேட்கவில்லை. மகனுக்காக அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த மணியை இன்னொரு தடவை அடிக்கவிட முடியுமா, கைப்பேசியில் பிடித்துக்கொள்கிறேன் என்றார்.

அதற்கப்புறம் பல நாட்கள் அவர் வீட்டிலிருந்து எங்கள் காரின் பெல்ட் மணி கேட்டது. சாப்பாட்டு நேரத்தில் முதலில் காதில் விழாத அளவுக்கு மெதுவாக, பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி. முறுக்கைக் கையில் கொடுத்துவிட்டு மணியை அடிக்கவிடுவாராம். தாழ்வாரத்தில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். மறுபடி காரில் உட்காரவைத்தபோது மணி அடித்தது. அருள் பெல்ட்டை இழுத்து மாட்டினான். மணி நின்றது. அண்ணாந்து பார்த்தான். நான் கூரைத் திரையைத் திறந்துவிட்டேன். கார் பார்க் கூரையின் குழாய்களும் விளக்குமாகத் தெரிந்தது. அவன் சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அந்தக் கண்ணாடியால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடைக்காத சந்தோஷம் அவனுக்குக் கிடைத்தது. அன்றைக்கே சீட்டு உறைகளை எல்லாம் கழற்றிப் போட்டேன்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டோம். பிறகு நடக்கிற வேகத்தில் கார் பார்க்கின் அந்தத் தளத்தைச் சுற்றினோம். அக்கா ஜன்னலில் கை வைத்தபடி கூடவே நடந்து வந்தார். பின்னால் வந்த கார்க்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள். அடிக்கட்டும், அந்தச் சத்தமும் அவன் கேட்டுப் பழகவேண்டியதுதான் என்றார். தளத்திலிருந்து கீழே, கீழேயிருந்து சாலைக்கு, சாலையிலிருந்து சந்தை வரைக்கும் என்று கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. ஒவ்வொரு தடவையும் கிளம்புமுன் அவனிடம் ஒரே குரலில் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "சரி, போய்ட்டு வா."

ஒரு விஷயத்தை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தேன். ஆரம்பத்தில் அவனோடு பின்சீட்டில் உட்கார்ந்தவர், பிறகு என் பக்கத்தில் முன்சீட்டுக்கு வந்தார். அதற்கடுத்து ஜன்னலுக்கு வெளியே. பிறகு தூணுக்குப் பக்கத்தில், அப்புறம் சரிவுப்பாதையின் முனையில். ஒரு நாள் நாங்கள் கிளம்பியபோது எங்கள் தளத்துத் தாழ்வாரத்தில் நின்று மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அருளும் நானும் மட்டும் ஹெண்டர்சன் சாலை வரைக்கும் போய்விட்டு வந்தோம். அவன் என் பின்னால் அமைதியாக மேலே பார்த்துக்கொண்டு வந்தான். எனக்குத்தான் ஏதோ சங்கடமாக இருந்தது. காரில் போகப் பழக்குவதாகத்தானே நினைத்தேன், இவர் ஏன் விலகிக்கொண்டே போகிறார்?

அன்று மாலை கீழே கோப்பிக் கடையில் அவரை உட்காரவைத்துக் கேட்டேன். பால் விடாத தே ஓ கோப்பையைச் சுற்றிச் சுற்றி நகர்த்திக்கொண்டே சொன்னார். அருளுக்கு ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் கேட்டு வைத்திருந்தாராம். கிடைத்துவிட்டது. அங்கேயே தங்கவேண்டும். அங்கே ஆஸ்பத்திரிக்குப் போவதும் வேன், வெளியே கூட்டிப்போவதும் வேன். அவர் போய் அந்த வேனைப் பார்த்து, கதவைத் திறந்து, ஏறும் உயரத்தை அளந்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு முழமும் நாலு விரலும். எங்கள் புளோக்கில் அந்த உயரத்துக்கு வந்த முதல் கார் என்னுடையது.

உடம்புக்கு ஏதாவது என்று நான் கேட்க ஆரம்பித்ததுமே தலையை ஆட்டினார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. சுகர்கூட இல்ல. அதான் இப்பவே செய்றேன். நான் படுத்ததுக்கு அப்புறம் யாராச்சும் வந்து அவன இழுத்துட்டுப் போனா அவனுக்கு என்ன புரியும்? நான் இருக்கறப்பவே போயி இருந்து பழகட்டும். அவனுக்கு அங்க புடிக்கலன்னா அவன் மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரியும். அதப் பாக்கறதுக்கு நான் இருக்கணும்ல."

அவர் கணவர் இறந்த அன்று நடந்ததையும் அப்போதுதான் சொன்னார். நாங்கள் அந்த புளோக்குக்கு வருவதற்கு முன்பு. காலையில் அடுப்படியில் விழுந்தவர் எழவில்லை. ஆம்புலன்சில் அக்கா போகவேண்டும். அருளைச் சிராங்கூனில் இருக்கும் அக்காவின் தங்கை வீட்டில் விட்டுவிடுகிறோம் என்று அக்கம்பக்கத்தில் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். டாக்சிக்குள் அவன் ஏறவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து தூக்கித் திணித்தார்கள். கதவை அடித்துச் சாத்தியபோது அவன் விரல் உள்ளே இருந்தது. அவனுடைய இடதுகை மோதிர விரலின் நகம் கோணலாக வளர்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன், பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தேன். புருஷன் ஒரு ஆஸ்பத்திரியில், பிள்ளை இன்னொரு ஆஸ்பத்திரியில், யாருக்குப் பக்கத்தில் இருப்பது என்று தெரியாமல் நின்றாராம்.

"அவரு போனது விதி. இது நான் பண்ணியிருக்க வேண்டியது. காடியில ஏத்திப் பழக்கியிருந்தா அவன் கத்தியிருக்க மாட்டான்."

அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. அதே அளவுக்குப் பயமும் வந்தது. சுமதியிடம் சொன்னபோது அவள் கொதித்துப்போனாள். பெற்ற பிள்ளையை நல்லா இருக்கும்போதே கொண்டுபோய் விடுவதற்கு எப்படி மனசு வருகிறது, கல் நெஞ்சக்காரி என்றாள். அதற்கு நீங்களும் கார் ஓட்டுகிறீர்கள் என்று என்னையும் சேர்த்துத்தான் திட்டினாள். ஆனால் மறுநாள் மாலை அக்கா கதவைத் தட்டியபோது சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

இல்லத்திலிருந்து ஒரு மலாய்க்கார அம்மா வர ஆரம்பித்தார். ஐம்பது வயது இருக்கும், சாந்தமான முகம். அவரும் பின்சீட்டில் அருளோடு உட்கார்ந்து வந்தார். அவனுடைய தலையணை உறையை மடித்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டார். முதல் தடவை வேனில் வேண்டாம், பழகிய காரிலேயே வரட்டும், வேன் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. இல்லத்து வாசல் வரைக்கும் இரண்டு முறை போய், கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். அக்கா அந்த வாசலுக்கு எங்களோடு வரவே இல்லை. அங்கே வந்து பிரிந்தால் அந்த வாசல் என்றாலே அவனுக்கு அம்மா போன இடம் என்று ஆகிவிடும், இங்கேயே, தெரிந்த இடத்திலேயே பிரிந்துகொள்கிறேன் என்றார்.

அந்த நாள் ஒரு சனிக்கிழமை. சுமதி காலையிலேயே எழுந்து இடியாப்பம் அவித்துக் கொண்டுபோய் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். ஒன்பது மணி வாக்கில் அக்காவும் அருளும் மலாய்க்கார அம்மாவும் கார் பார்க்குக்கு வந்தார்கள். அருள் நீலச் சட்டை போட்டிருந்தான், தலை வாரியிருந்தது. அவனுடைய துணிப்பை முன்னமே டிக்கியில் ஏறியிருந்தது, அவன் கண்ணில் படவேண்டாம் என்று அக்கா முந்தின நாளே கொண்டுவந்து வைத்திருந்தார்.

அவனே கதவைத் திறந்தான். ஏறினான். மணி அடிப்பதற்கு முன்பே பெல்ட்டை மாட்டினான். மலாய்க்கார அம்மா அந்தப் பக்கம் ஏறிக்கொண்டார். நான் கூரைத் திரையைத் திறந்தேன், அவன் அண்ணாந்தான். அவனைப் பொறுத்தவரை இதுவும் இன்னொரு சுற்று. போய்விட்டு வரப்போகிறோம். அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்து கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் இருந்தேன்.

அவர் ஜன்னல் பக்கம் வந்தார். வேறு ஏதாவது சொல்வார், தொடுவார் என்று நினைத்தேன்.

"சரி, போய்ட்டு வா" என்றார். அதே குரல். கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

இல்லத்தில் எல்லாம் சுலபமாக முடிந்தது. அவனுக்குக் காட்டிய அறையில் ஜன்னல் பெரிதாக இருந்தது. கட்டிலில் தலையணை உறையை விரித்தார்கள். அவன் அதன் மேல் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தான். நான் கிளம்புகிறேன் என்று கை காட்டினேன். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அழுததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

திரும்பி வந்து கார் பார்க்கில் ஏறியபோது அக்கா என் கார் நிற்கும் இடத்திலேயே, கோடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். வேறு யாரும் நிறுத்திவிடக் கூடாது என்று நிற்பதாகச் சொன்னார். அது எனக்கென்று ஒதுக்கிய இடமில்லை, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே நிறுத்துகிறவன்தான் நான் என்று அவருக்கும் தெரியும். காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். காலியான பின்சீட்டை அவர் ஒரு பார்வை பார்த்தார்.

"எறங்க மாட்டேன்னானா?"

"இல்லக்கா. அவனே பெல்ட்டக் கழட்டிட்டு எறங்கினான்."

"நெத்தியில அடிச்சுக்கிட்டானா?"

"இல்லக்கா."

"அழுதானா?"

"அழல."

அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரிந்தது. அதற்கு ஒரு பொய் தயாராக இருந்தது, சொல்லியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இத்தனை நாள் அந்தப் பெண்மணி எதையும் மழுப்பாமல் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

"என்னையத் தேடினானா தம்பி?"

"இல்லக்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நல்லது என்றார். நல்லாப் பழகிட்டான் என்றார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தார். பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. அவர் ஏறவில்லை. கதவு மூடிக்கொண்டு லிஃப்ட் போய்விட்டது. அதன் கதவையே பார்த்தபடி நின்றார். நான் பக்கத்தில் போனேன். அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"கொஞ்சமாச்சும் அழுதிருக்கலாம் தம்பி."